ஆறு நிமிடக் கைமாற்று

மார்ச் முதல் வாரம். திராவா ஆற்றோரம் இன்னும் உறைபனி.
செல்னிட்சாவில் எனக்கு மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கும்
மிலோய்கா வோக்ரின்
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்:
"உன் கரண்ட் என் பேருந்தைத் தின்றுவிட்டது."

பேருந்து ஐந்து இருபதுக்கு.
ஜனவரியில், நிறுத்தத்தில் நின்று
ஒரு முழு சிகரெட் பிடிக்க அவளுக்கு நேரமிருந்தது.
பிப்ரவரியில் பாதி.
பிறகு பற்றவைக்க மட்டும்.
இன்று அடுப்புக் கடிகாரம் ஐந்து பதினாறு காட்டும்போதே
ஃபெர்டோ ஓட்டும் பேருந்தின் பின்விளக்கு
வளைவில் சிவந்து மறைந்துவிட்டது.
மரிபோரில் அறுபது பிள்ளைகளின் காலைக் கஞ்சி
அவள் கைக்காகக் காத்துக் கிடந்தது.

நான் நீர்மின் நிலையத்தில் இரவுப்பணி.
சொன்னேன்:
உன் கடிகாரத்துக்கென்று தனி இதயம் கிடையாது, மிலோய்கா.
கம்பியில் வரும் அலைகளை எண்ணும்.
ஐம்பது ஆனால் ஒரு வினாடி என்று நம்பும்.
அலை சோம்பினால் அதுவும் சோம்பும்.

"அலைக்கு என்ன வந்தது?"

போர்ச்சுகல் கடற்கரையில் சுழலும் இரும்பும்
எங்கள் அணைக்கட்டில் சுழலும் இரும்பும்
துருக்கியில் சுழலும் இரும்பும்
ஒரே வடம் பிடித்திருக்கின்றன.
ஒன்று முந்த முடியாது, ஒன்று பிந்த முடியாது.
நீ கெட்டிலைப் போடுகிறாய்.
அந்தக் கணமே அதற்கான மின்சாரம் வேண்டும்;
கம்பியில் சேமிப்பு என்று எதுவும் இல்லை.
முதலில் கொடுப்பது ஆறு அல்ல.
சுழற்சிதான்.
டன் டன்னாய் எஃகு, தன் வேகத்தில் ஓர் இழை உருவி
உன் தேநீருக்குக் கொடுக்கிறது.
அதன் பிறகுதான் மதகு விழித்து
இன்னும் கொஞ்சம் தண்ணீரை விடுகிறது.
எப்போதும் ஒரு மூச்சு தாமதமாக.

அதனால் என் திரையில் அந்த எண் நிற்பதே இல்லை.
நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு.
ஐம்பது புள்ளி பூஜ்யம் இரண்டு.
பன்னிரண்டு வருடமாகப் பார்க்கிறேன்,
சரியாய் ஐம்பதை
ஊஞ்சல் அடிமட்டத்தைக் கடப்பது போல
கடக்கையில் மட்டும்.

"எப்போதும் ஆடுவதுதானே. இந்தக் குளிரில் மட்டும் என்ன?"

தெற்கே ஒரு வழக்கு.
அந்தப் பகுதிக்கான மின்சாரத்தை
நீ போடு என்றது ஒரு தரப்பு, நீ போடு என்றது இன்னொன்று.
யாரும் போடவில்லை. ஆனால் விளக்குகள் எரிந்தன.
எரிந்தது எல்லோருடைய சுழற்சியும்.
ஒரு ஹெர்ட்ஸில் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைவு,
எந்த பல்பும் மங்காது, எந்த மோட்டாரும் முனகாது.
நாளுக்கு ஏழு வினாடி.
சில்லறை என்று விட்டோம்.
எறும்பு ஊரக் கல் தேய்ந்து, ஆறு நிமிடம்.

அவள் கடிகாரத்தைத் திருத்தப் போனாள். தடுத்தேன்.
இது கைமாற்றுதான், திரும்பி வரும்.
இனி எல்லோரும் ஐம்பதுக்கு ஒரு மயிரிழை மேலே ஓட்டுவோம்,
நாளுக்குப் பதினேழு வினாடி. மூன்று வாரம் பொறு.

"அறுபது பிள்ளைகளிடம் நீ வந்து சொல்"
என்று பொத்தானை அழுத்தினாள்.

மார்ச் கடைசி ஞாயிறு, கோடைநேரம்.
மணியை மட்டும் ஒன்று முன்னே தள்ளினாள்.
நிமிடத்தைத் தொடவில்லை.

ஏப்ரலில் பனி உருகி ஆறு கலங்கியது.
இரவுப்பணி முடிந்து சைக்கிளில் வருகிறேன்.
நிறுத்தத்தில் அவள், காலடியில் இரண்டு சிகரெட் துண்டு.
அப்போதுதான் வந்து நின்ற ஃபெர்டோவை
"இப்படியா தாமதமாய் வருவது" என்று கிழித்துக்கொண்டிருந்தாள்.
அவன் பாவம், தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான்.
அது பேட்டரியில் ஓடுவது. வழக்கு எதிலும் சம்பந்தப்படாதது.

அன்று மாலை மாடிப்படியில் நின்று கேட்டாள்:
"ஆறு நிமிடம் அதிகமாய்த் தந்துவிட்டீர்கள். திருப்பித் தரட்டுமா?"

வைத்துக்கொள் என்றேன்.

வைத்துக்கொள்ளவில்லை.
கீழே அடுப்படியில் பொத்தான் ஒலிப்பது கேட்டது,
நின்று நின்று, ஆறு தடவை.
பிறகு கெட்டில்.